நூற்றைம்பது என்று எழுதியிருக்கிறது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே அப்பாவுக்கு முட்டி வலி, அவருடைய தையல் மெஷினுக்கு பெல்ட் போய்விட்டது, எனக்கு வேலை போய்விட்டது, மற்றபடி எல்லோரும் சௌக்கியம். வேலை போனது உனக்கு இப்போதுதான் தெரிகிறது, கோபப்படாதே, இரண்டு மாதமாக வேலைக்குப் போய் வருகிறவள் போலவே உன்னிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். என்ன செய்வது, நீ பேசும்போது உன் அறையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், மூன்று பேரும் கம்பெனி ஆட்கள், நீயோ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாய். அதனால்தான் கடிதம். தனியாக இருக்கும்போது படி. படித்து முடிக்காமல் எனக்குப் போன் செய்யாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சந்தோஷமாகச் சொன்னாய், கோடவுனில் மூட்டை தூக்குகிற மாதிரி பேட்டரி தூக்கிக்கொண்டிருந்த உன்னை ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வைத்த பிறகு நீ எழுதிய முதல் கொட்டேஷனே நாற்பது பேட்டரி, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை வார்டுக்குப் போகிறது, இருபதாம் தேதி லாரி ஏறுகிறது, கீழே உன் கையெழுத்து என்று. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், எத்தனை மணி நேரக் கணக்குப் பேட்டரிடா என்று. நீ சிரித்தாய். நூத்தம்பதுன்னா நூத்தம்பதுதாம்மா, ஸ்டிக்கர்லயே போட்டிருக்குல்ல, டெண்டர்லயும் அதத்தான் கேட்டிருக்காங்க, நீ தண்ணி ஊத்துற வேலைய மட்டும் பாரு என்றாய். பின்னால் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். நான் போனை வைத்துவிட்டேன், சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். போகவில்லை. அந்த நாற்பது பேட்டரியும் லாரி ஏறக்கூடாது. அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்னது சரிதான், நான் தண்ணி ஊற்றுகிறவள். எனக்கும் சம்பளம் உன் கம்பெனிதான், வேலைதான் ஆஸ்பத்திரியில், அங்கே என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பதினான்கு வருடமாகத் தண்ணிக்காரம்மாதான். வார்டுக்கு நேர் கீழே, மாடிப்படிக்குப் பின்னால் அந்த அறை, இரண்டு இரும்பு ரேக்கில், கரண்ட் போனால் வார்டைத் தாங்குகிற இருபது பேட்டரி, சுவரில் ஒரு கடிகாரம், காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் ஒன்று, அதுவும் பாதி நாள் ஓடாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூடியைத் திறந்து அளவு குறைந்திருந்தால் சுத்தத் தண்ணீர் ஊற்றி, மிதவையை விட்டு ஆசிட் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவேன். சேலையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. உன் சேலைக்கு ஜன்னல் வச்சுத் தைக்க எனக்குத் தனிக்கூலி குடு என்று உன் அப்பா கேலி செய்வாரே, ஞாபகம் இருக்கிறதா. எனக்குக் கொட்டேஷன் எழுதத் தெரியாது, ஆனால் ஒரு பேட்டரியைத் தொட்டால் அது இன்னும் எத்தனை மாதம் கிடக்கும் என்று சொல்வேன்.

போன வருடம் அந்த இருபதையும் எடுத்துவிட்டு உன் கம்பெனி பேட்டரியைப் போட்டார்கள். பழையது ஒன்றை இறக்க இரண்டு பேர் முக்கினார்கள், புதியதை ஒரே ஆள் தலையணையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்போதே கிட்டே போய் எண்ணைப் பார்த்தேன். பழையதிலும் நூற்றைம்பது என்று எழுதியிருந்தது, புதியதிலும் நூற்றைம்பது. ஈயம் குறையாமல் எடை எப்படிக் குறையும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரைப் படித்தேன், நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருபது மணி நேரம் என்று இருந்தது. பழையதில் பத்து மணி நேரம். ஏழரை ஆம்பியராக மெல்ல மெல்ல உறிஞ்சினால் இருபது மணி நேரம் வரும், பெருக்கினால் நூற்றைம்பது, கணக்கில் பொய்யே இல்லை. ஆனால் மேலே வார்டில் இருக்கிற மூச்சு மெஷின்கள் இருபது மணி நேரம் மெல்ல உறிஞ்சுகிற ஜாதி இல்லை, கரண்ட் போனதும் எல்லாம் சேர்ந்து ஒரே இழுப்பாக இழுக்கும். நாள் முழுக்க நடந்து இருபது மைல் போகிற ஒருவனைப் பிடித்து, அந்த இருபது மைலையும் ஒரு மணி நேரத்தில் ஓடிக் காட்டு என்றால் ஆறாவது மைலில் வாயில் நுரை தள்ளி விழுவான். இவன் இருபது மைல் போவான் என்று சொன்னவன் பொய் சொல்லவில்லை. இதுதான் உன் கம்பெனியின் சாமர்த்தியம். ஆஸ்பத்திரியின் பழைய இன்ஜினியர் ஓய்வு பெறுகிற வாரத்தில், ஒரு மணி நேரம் வார்டைத் தாங்க வேண்டும் என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். டெண்டரில் நூற்றைம்பது என்ற எண்ணை மட்டும் எடுத்துப் போட்டார்கள், ஒரு மணி நேரம் என்ற வார்த்தையை விட்டுவிட்டார்கள். நான் கம்பெனி சூப்பர்வைசரிடம், கண்ணாடிக்காரரிடம்தான், போய்ச் சொன்னேன். ஏம்மா, பேசாம நீங்களே டாக்டருக்குப் படிச்சிருக்கலாமே என்றார்.

விலையைப் பற்றியும் நீ பெருமையாகச் சொன்னாய், மற்ற கம்பெனியை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு, மூன்று வருட வாரண்டி என்று. அந்த வாரண்டி எனக்குத் தெரியும், முதல் வருடம் மாற்றித் தருவார்கள், அடுத்த இரண்டு வருடம் புதிது வாங்கினால் தள்ளுபடி தருவார்கள், அதாவது நம் செலவிலேயே நமக்கு வாரண்டி. பழையது ஆறு வருடம் உழைத்தது. இது இரண்டு வருடம் கிடந்தால் அதிகம். ஆறு வருடத்துக்கு மூன்று தடவை வாங்கினால் நல்ல பேட்டரியைப் போல இரண்டு மடங்கு செலவு ஆகிறது. இது கூட்டல் தெரிந்த எவனுக்கும் புரியும், ஆஸ்பத்திரிக்குப் பேட்டரி வாங்குகிற ஆபீசர்களுக்குப் புரியாதா. புரியும். ஆனால் வாங்குகிறவர் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், இவ்வளவு மிச்சப்படுத்தினேன் என்று அவர் ஃபைலில் எழுதியிருக்கும். மூச்சு நிற்பது எந்த ஃபைலிலும் செலவாக ஏறுவதில்லை. அந்தக் கட்டிலில் படுப்பவர்களும் பெரிய இடத்து ஆட்கள் இல்லை, பெரிய இடத்து ஆட்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை, அதைக் கிளப்புகிற சின்ன பேட்டரி செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது, மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை எழுதிப் போட்டிருந்தார்கள், கையெழுத்துக்காக ஏதோ ஒரு மேஜையில் கிடந்தது. நான் கீழே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வார்டில் புதிதாக இரண்டு மெஷின் வேறு போட்டிருந்தார்கள், அறையில் ஃபேன் ஓடாமல் ஒரு வருடமாகப் பேட்டரிகள் வெந்திருந்தன. எனக்குத் தெரியும் ஒரு மணி நேரம் வராது என்று, ஆனால் அரை மணியாவது வரும் என்று நினைத்தேன். பத்தொன்பதாவது நிமிடம் எல்லாம் நின்றது. படியேறி ஓடினேன். மெஷினில் நாலு பேர், நர்ஸ் இரண்டு பேர்தான், ஆளுக்கு ஒரு மூச்சுப் பையை எடுத்து நோயாளி வாயில் இருந்த குழாயில் மாட்டி அமுக்க ஆரம்பித்துவிட்டார்கள், மூன்றாவது பையை வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார், நாலாவதை என் கையில் திணித்தார் பெரிய நர்ஸ். அக்கா, அஞ்சு எண்ணு, ஒரு தடவை அமுக்கு, விடு, மறுபடி அஞ்சு எண்ணு, பயப்படாத என்றார். பிரசவமாகி மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு வந்த பெண் அவள். பிள்ளை வேறு வார்டில் நன்றாக இருந்தது. உன் வயதுதான் இருக்கும், காதில் ஒரு தோடுதான் இருந்தது, இன்னொன்றை யாரோ கழற்றிப் பத்திரப்படுத்தியிருப்பார்கள் போல. நான் இருபத்திரண்டு நிமிடம் அமுக்கினேன். டாக்டர் ஓடி வந்து மற்ற கட்டிலைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தபோது கரண்டும் வந்தது. அவர் அவள் கண்ணைத் திறந்து பார்த்தார், என் கையைப் பிடித்து, போதும், விடுங்கம்மா என்றார். மற்ற மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

மறு வாரம் கண்ணாடிக்காரர் என்னை ஏசி அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், டீ வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு தாளை நீட்டினார், தண்ணீர் சரியாக ஊற்றப்படாததால் பேட்டரிகள் பழுதடைந்தன, பொறுப்பு என்னுடையது என்று டைப் செய்திருந்தது. என் நோட்டைப் பாருங்கள், ஒரு திங்கட்கிழமைகூட விட்டதில்லை என்றேன். அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று முந்தின நாளே வாங்கி வைத்துக்கொண்டவர் அவர்தான். நீங்க ஊத்துனீங்கம்மா, யாரு இல்லன்னா, ஆனா பேப்பர்ல ஏதாவது ஒரு காரணம் இருக்கணுமில்ல, பேட்டரி மேல சொன்னா டெண்டர் வரைக்கும் போகும், அது யாருக்கும் நல்லதில்ல என்றார். நான் எழுந்துவிட்டேன். அப்போதுதான் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார், கடைசில பை உங்க கையிலதானே இருந்துச்சு, நீங்க ஒழுங்கா அமுக்குனீங்களான்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க என்று. அதையே நான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உன்னைப் பற்றிப் பேசினார், பையன் நம்ம கம்பெனியிலதானே இருக்கான், நல்ல பையன், எத்தன நாளைக்குக் கோடவுன்ல கெடப்பான், மேல தூக்கிவிடச் சொல்லலாம்னு இருக்கேன் என்றார். கையெழுத்துப் போட்டேன். பாக்கிச் சம்பளத்தை அன்றைக்கே கொடுத்தார்கள், பதினான்கு வருடத்தில் நாலு தடவை நடக்க விடாமல் கம்பெனி எனக்குப் பணம் கொடுத்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த திங்கட்கிழமை உனக்கு ஆபீஸ் வேலைக்கு ஆர்டர் வந்தது. உன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டியதாகச் சொன்னாய். உன் கையெழுத்து அழகுதான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் உன்னை உட்கார வைத்தது என் கையெழுத்து. இதைச் சொல்லாமலே செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன். உன் அப்பா வேண்டாம் என்றார், புள்ள இப்பதான் நிமிர்ந்து உக்காந்திருக்கான், அவன் தலையில ஏன் கல்லப் போடுற என்றார். நீ அந்த நாற்பதைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். புதுச் சம்பளத்தில் நீ கூடுதலாக அனுப்பியது பாங்கில் அப்படியே கிடக்கிறது, எடுக்கக் கை வரவில்லை.

போன வாரம் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் வந்தார். கொத்தனார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், நகக்கண்ணெல்லாம் சிமெண்ட். நான் கையெழுத்துப் போட்ட தாளின் ஜெராக்ஸ் அவரிடம் இருந்தது, யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. உன் அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, அக்கா, தண்ணி ஊத்த மறந்துட்டீங்களா என்று கேட்டார். தெரிந்தவர் வீட்டில் பால் பொங்கிவிட்டதா என்று கேட்பது போலக் கேட்டார். என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன், எடையிலிருந்து இருபது மணி நேரம் வரை. எத்தன நிமிஷம் ஓடுச்சு என்றார். பத்தொன்பது என்றேன். கரண்ட் எப்ப வந்துச்சு என்றார். நாற்பத்தோராவது நிமிடம். நல்லதா இருந்தா எவ்வளவு ஓடியிருக்கும் என்றார். முக்கால் மணி நேரம் நின்றிருக்கும் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், விரலை மடக்கிக் கணக்குப் போட்டாரோ என்னவோ. அப்புறம், அவ பக்கத்துல யாரு இருந்தா என்று கேட்டார். நான்தான் என்றேன், பை என் கையில்தான் இருந்தது என்றேன். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு விலை கேட்டார். நல்ல பேட்டரிக்கும் இதுக்கும் எவ்வளவுக்கா வித்தியாசம் என்றார். ஒன்றுக்கு அவருடைய ஒன்பது நாள் கூலி வரும் என்று சொன்னேன். இருபதுக்கும் சேர்த்து ஆறு மாதக் கூலி. அவர் தலையாட்டினார். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே எங்கயாவது பொரட்டிக் கொண்டாந்து போட்டிருப்பேனேக்கா, யாருமே கேக்கலையே என்றார். உன் அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். இதயெல்லாம் எழுதிக் குடுப்பீங்களா என்று கொத்தனார் கேட்டார். என் பையன் அந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்றேன். ஓ என்றார். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார், உங்க புள்ளயாச்சும் நல்லா இருக்கட்டும் என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அந்த வார்த்தையோடுதான் ஞாயிற்றுக்கிழமை உன் போனை எடுத்தேன்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நான் மாட்டேன் என்றால் என் நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்து அதே கொட்டேஷனை எழுதுவான் என்பாய். எழுதுவான். வாடகை, அப்பா முட்டிக்கு ஊசி, உன் கல்யாணம் என்று வரிசையாக அடுக்குவாய். எல்லாம் நிஜம். உன் இடத்தில் இருந்தபோது நானே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள், உன்னைப் போடாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. இருந்தாலும் ஒரு தாய் கேட்கிறதாக நினைத்துக் கேட்கிறேன், லாரி ஏறுவதற்குள் அந்தக் கொட்டேஷனில் ஒரே ஒரு வரி எழுது, இது இருபது மணி நேரக் கணக்கு, வார்டை ஒரு மணி நேரம் தாங்காது என்று. உன் அழகான கையெழுத்தில் ஒரு வரி. எழுதினால் அன்றைக்கே உன்னை வெளியே அனுப்புவார்கள், சோற்றுக்கு நான் வழி செய்கிறேன், வந்துவிடு. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர ஏழெட்டு நாள் ஆகும், இன்றைக்குத் தேதி பதினாலு. எண்ணிப் பார்த்துவிட்டேன். லாரி போன பிறகுதான் இதைப் படிப்பாய் என்று நினைக்கிறேன். போன் செய்து சொல்லலாமே என்பாய், நேற்று முன்தினமும் செய்தேன், நான் ஆரம்பித்ததுமே அம்மா இதெல்லாம் பெரிய எடத்து விஷயம், நீ விடு என்று வைத்துவிட்டாய்.

ஆகையால் இன்னொன்று சொல்கிறேன், இது உன்னால் முடியும், இதற்கு யாரும் உன்னை வேலையை விட்டுத் துரத்த மாட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியிலும் மாடிப்படிக்குக் கீழே எங்கேயாவது ஒரு அறை இருக்கும், அதில் தண்ணீர் ஊற்றுகிற ஆள் ஒன்று இருக்கும், ஆணோ பெண்ணோ, பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், நீ விசாரித்துக் கண்டுபிடி. போய்ப் பார். பெட்டி மேல் இருக்கிற எண்ணை நம்பாதே, இருபது நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்காதே என்று சொல். நோட்டு இரண்டு போடச் சொல், ஒன்றை வீட்டில் வைக்கச் சொல், எந்தச் சூப்பர்வைசர் கேட்டாலும் அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல். அப்புறம் கூட்டமில்லாத ஒரு நாளில் மேலே வார்டுக்குப் போய், நர்ஸிடம் கேட்டு, அந்த மூச்சுப் பையை அமுக்கிப் பழகிக்கொள்ளச் சொல். கட்டாயம் பழகச் சொல். எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லித் தரவில்லை.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்லவர்கள் கிடைக்கட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், பக்கத்திலேதான் இருக்கிறார், இதைப் படித்துக் காட்டச் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. அந்த ஆளிடம் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடாதே, ஐந்து எண்ணித்தான் அமுக்க வேண்டும். நான் பயத்தில் மூன்றுக்கும் நாலுக்கும் அமுக்கினேன் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா